தொட்டில் யாருக்காக?

ஒருவர் நோயிலிருந்து மீண்டுவிட்டார் என்று எப்போது சொல்லலாம்? புண் ஆறியவுடன் சொல்லிவிடலாமா? முறிந்த எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் நிழற்படத்தைக் காட்டும்போது சொல்லலாமா? அல்லது அவர் மறுபடியும் பிறருக்குப் பயன்படத் தொடங்கிய பிறகுதான் சொல்ல வேண்டுமா? பயன்படுதலே மீட்சி என்றால், இனி எக்காலத்தும் பயன்பட இயலாதவர்களின் நிலை என்ன?

இக்கேள்விகளை நான் தத்துவ நூல்களில் கற்கவில்லை. கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டை அடுத்துள்ள எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில், என் தந்தையார் ஒரு மரத்தொட்டில் செய்துகொண்டிருந்த மூன்று மாதங்களில் இவை ஒவ்வொன்றாக என்முன் வந்து நின்றன. வீட்டுச் செய்தியைச் சங்க மலரில் எழுதுவது தகுமா என்று தயங்கினேன். ஆயினும் முதியோரும் குழந்தைகளும் இல்லாத குடும்பம் நம்மிடையே ஏது? ஆதலின் துணிந்து எழுதுகின்றேன்.

தந்தையாருக்கு வயது 73. தாயார் மறைந்தபின் ஊரை விட்டு எங்களோடு வந்து தங்கியவர். சென்ற ஆனி மாதத்து மழையில் ஒருநாள் காலை, பால் வாங்கி வந்தவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். விழுகின்ற மனிதன் கையை ஊன்றித் தன்னைக் காத்துக்கொள்ள முயல்வது இயல்பு. தலை தப்பும், மணிக்கட்டு முறியும். அவருக்கு முறிந்தது வலக்கை மணிக்கட்டு. 6 வாரம் மாவுக்கட்டு போட்டார்கள்.

கட்டைப் பிரித்த பிறகுதான் உண்மையான துன்பம் தொடங்கியது. நம் விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசைகள் இல்லை. அத்தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டு வழியே சென்று, பொம்மலாட்டக் கயிறுகளைப் போல விரல்களை இழுக்கின்றன. பல வாரம் அசையாமல் இருந்தால் மூட்டுகள் இறுகிவிடும். வலியைப் பொறுத்து நாள்தோறும் பயிற்சி செய்தால்தான் அவை இளகும். ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்து, நாளுக்குப் பன்முறை அமுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் அமுக்கினார். பிறகு பந்து சன்னல் ஓரத்தில் தூசி படிந்து கிடந்தது.

நான் வற்புறுத்தியபோது அவர் சொன்ன மறுமொழியை என்னால் மறக்க இயலவில்லை. "இனிமேல் இந்தக் கையால் எனக்கு என்ன ஆக வேண்டியிருக்கிறது? ஒரு வாய்ச் சோறு பிசைய வந்தால் போதாதா?"

அந்தச் சொல்லில் கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. கணக்கு முடிக்கின்ற மனிதரின் அமைதி இருந்தது. அதுதான் என்னை அச்சுறுத்தியது. எலும்பு கூடிவிட்டது, மனிதர் மீளவில்லை.

அவ்வேளையில் சேலத்திலிருந்து தங்கை தொலைபேசியில் பேசினாள். பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் அவள் கருவுற்றிருந்தாள். மார்கழியில் பேறுகாலம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது நம் மரபு. தாய் இல்லாத அவளுக்குத் தந்தை இருக்கும் இடமே தாய்வீடு. ஆகவே வளைகாப்பு முடிந்ததும் கொல்கத்தாவுக்கே வருவதாகச் சொன்னாள்.

குழந்தையை எங்கே தூங்கவைப்பது என்ற பேச்சு எழுந்தது. நம் ஊர் வீடுகளில் உத்தரத்தில் பழைய சேலையைக் கட்டினால் தூளி ஆயிற்று. எங்கள் வீட்டிலோ உத்தரம் இல்லை. மின்விசிறி மாட்டிய கொக்கிதான் உண்டு. கடையில் வாங்கிவிடலாம் என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த தந்தையார், "நிற்கும் தொட்டில் ஒன்று நான் செய்கிறேன்" என்றார். இளமையில் பள்ளி விட்டதும் தெருக்கோடித் தச்சுப்பட்டறையில் போய் உட்கார்ந்து, உளி பிடிக்கக் கற்றவர் அவர். அந்தப் பழக்கம் விட்டு அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவரை நீம்தலாவுக்கு அழைத்துச் சென்றேன். சோபாபஜார் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ஹூக்ளி நதியை நோக்கி நடந்தால் மரக்கிடங்குகள் வரிசையாகத் தொடங்குகின்றன. அறுத்த மரத்தின் வாசனை தெருவெல்லாம் நிறைந்திருக்கும். அந்தத் தெருக்களின் முடிவில்தான் நீம்தலாச் சுடுகாடு இருக்கின்றது. 1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் இரவீந்திரநாதத் தாகூரின் உடலுக்கு எரியூட்டியது அங்கேதான். தொட்டிலுக்கு மரம் தேடிப் போன இடத்தில் சுடுகாட்டுப் புகை தெரிந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. தந்தையார் அதைப் பொருட்படுத்தவே இல்லை. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டு, பலகைகளைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

தேக்கு விலை எட்டவில்லை. கடைக்காரர் 'காமார்' என்று ஒரு மரத்தைக் காட்டினார். தந்தையார் அதைக் கண்டதும் முகம் மலர்ந்தார். அது நம் குமிழ மரம். எடை குறைவு, இழைப்பதற்கு எளிது, எளிதில் முறுக்கிக்கொள்ளாது. பெரியாழ்வார் தம் தாலாட்டில் கண்ணனுக்குப் பிரமன் பொன் தொட்டில் அனுப்பியதாகப் பாடினார். எங்கள் வீட்டுக் குழந்தைக்கு வங்காளத்துக் குமிழ மரம் கிடைத்தது.

வேலை தொடங்கியது. இருபுறமும் இரண்டு கால்சட்டங்கள், அவற்றை இணைக்கக் கீழே ஒரு குறுக்குச் சட்டம், நடுவில் ஆடும் தொட்டிற்பெட்டி என்பது அவர் போட்ட திட்டம். பக்கக் கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளக்கூடும் என்று படித்துச் சொன்னேன். அவர் ஐந்தரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மரத்துண்டை அளவுகோலாகச் செய்து வைத்துக்கொண்டார். இழைப்புளியைத் தள்ளும்போது வலி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். பந்தை அமுக்க மறுத்த அதே கை, உப்புத்தாளை ஒரு மணிநேரம் விடாமல் தேய்த்தது. விரல்கள் வாரத்துக்கு வாரம் இளகின. நானும் என் மனைவியும் மகிழ்ந்தோம். அவர் எதைச் செய்தாலும் "மிக நன்றாக இருக்கிறது" என்று பாராட்டினோம்.

இங்கேதான் நாங்கள் தவறத் தொடங்கினோம். எங்கள் மனத்தில் தொட்டில் தொட்டிலாக இல்லை. அது தந்தையாருக்கான மருந்தாக இருந்தது. மருந்தைக் குடித்தால் போதும். அதன் அழகை யார் பார்ப்பார்கள்?

கால்சட்டங்களையும் குறுக்குச் சட்டத்தையும் பொருத்திய அன்று நான் தொட்டிலை அசைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆடியது. குறுக்குச் சட்டத்தின் நாக்கு அதற்கெனத் தோண்டிய துளையில் இறுகப் பொருந்தவில்லை. நடுங்கிய கை உளியைச் சற்று அகலமாக இறக்கிவிட்டது. தந்தையார் மரச்சிம்பு ஒன்றைச் செருகிப் பசை தடவியிருந்தார். மேலுக்குத் தெரியாது. ஆனால் நாள்தோறும் ஆட்டப்படும் தொட்டிலில் சிம்பு எத்தனை நாள் நிற்கும்?

அலுவலக நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் உலகியல் அறிந்தவர். "பெரியவர் கோவிலுக்குப் போகும் மாலையில் பௌபஜாரிலிருந்து ஒரு தச்சரை அழைத்து வந்து சரிசெய்துவிடுங்கள். அவருக்கும் மனம் நோகாது, குழந்தைக்கும் ஆபத்து இல்லை" என்றார். அந்த யோசனையில் குறை காண முடியவில்லை. ஆயினும் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதும் விளங்கவில்லை.

எனக்கு விளக்கம் எதிர்பாராத வகையில் வந்தது. எங்கள் கீழ்வீட்டு வங்காளிப் பெரியவர் தந்தையாரின் கையைப் பார்க்கும்போதெல்லாம், "ஒருமுறை வேலூருக்கு அழைத்துச் செல்லக்கூடாதா?" என்று கேட்பார். கொல்கத்தாவில் வாழும் தமிழர் அனைவரும் கேட்டுப் பழகிய கேள்வி இது. ஹவுராவில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் வங்காளிகள் எத்தனையோ பேர். வேலூர் மருத்துவமனைத் தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. அப்பெயர் காதில் விழுந்த ஓர் இரவில், கைகளுக்காகவே வாழ்ந்த ஒரு வேலூர் மருத்துவரின் வரலாறு நினைவுக்கு வந்தது.

பால் பிராண்ட் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் கற்பதற்கு முன் இங்கிலாந்தில் தச்சும் கொத்தும் உள்ளிட்ட கட்டடத் தொழில்களைப் பயின்றவர். 1946இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் தாமாக உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. உணர்ச்சி இழந்த கை, சூட்டையும் கூர்மையையும் அறியாமல் காயத்தின்மேல் காயம் பட்டுத்தான் பெரும்பாலும் அழிகின்றது என்பதை அவர் கண்டறிந்தார். வலி பகைவன் அன்று, காவலன் என்று வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, நோய் தொடாத தசைநாண் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் இணைக்கும் அறுவையை அவர் செய்தார்.

ஆனால் அறுவை வெற்றி பெற்றதோடு கதை முடியவில்லை. கை சீரான சிலர் திரும்பி வந்து முறையிட்டனர். முன்பு முடங்கிய கையைக் கண்டு இரங்கியவர்கள் இப்போது பிச்சை இடுவதில்லை; தொழுநோயாளர் என்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. கை மீண்டது, வாழ்வு மீளவில்லை. ஆகவே 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவாயிற்று. அங்கே பிராண்ட் தாம் கற்ற தச்சுத்தொழிலை அவர்களுக்குக் கற்பித்தார். சீராக்கப்பட்ட அந்தக் கைகள் மரப்பொம்மைகள் செய்தன.

பொம்மை என்பதை நான் எண்ணிப் பார்த்தேன். பயிற்சி மட்டுமே நோக்கம் என்றால் கட்டையை அறுத்து எறிந்தாலும் போதும். பொம்மை அப்படி அன்று. எங்கோ ஒரு குழந்தை அதை வாயில் வைக்கும். கூர்முனை இருந்தால் குத்தும். சக்கரம் சரியாக இல்லையெனில் ஓடாது. செய்தவனின் துன்பத்தைக் குழந்தை அறியாது. பொம்மை ஓடுகின்றதா என்பதை மட்டும் பார்க்கும். இரக்கத்தைப் பார்த்துப் பழகிய ஒருவனுக்கு, இரக்கமற்ற அந்த நேர்மையைவிடப் பெரிய மரியாதை வேறு உண்டா?

எனக்கு விடை கிடைத்துவிட்டது. வேலை மனிதனைக் குணப்படுத்துவது உண்மைதான். ஆனால் அது உண்மையான வேலையாக, பிறர் ஒருவருக்காகச் செய்யப்படுவதாக இருந்தால் மட்டுமே குணப்படுத்தும். 'உமக்காகத்தான் இந்த வேலை' என்று நாம் உள்ளூர நினைத்த அந்த நொடியில் வேலை பொய்யாகிவிடுகின்றது. மறைவில் தச்சரை வைத்துச் சரிசெய்தால் தொட்டில் நிற்கும். ஆனால் அதைச் செய்தவர் என் தந்தையார் அல்லர். அவர் பெருமையோடு காட்டுவதெல்லாம் எங்கள் நாடகமாகும். கோப்பில் பிழை கண்டும் சொல்லாமல் கையொப்பத்துக்கு அனுப்பும் எழுத்தன் மேலதிகாரியை மதிப்பவன் அல்லன், அவரைக் கைவிட்டவன். மனம் நோகக்கூடாது என்று நாம் முதியோரிடம் மறைப்பவற்றுள் எத்தனை இவ்வகையைச் சேர்ந்தவையோ!

மறுநாள் காலை சொல்லிவிட்டேன். "அப்பா, குறுக்குச் சட்டம் ஆடுகிறது. சிம்பு நிற்காது."

அவர் ஒன்றும் பேசவில்லை. கருவிகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். இரண்டு நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. உணவும் சரியாக உண்ணவில்லை. "மாமாவிடம் ஏன் சொன்னீர்கள்?" என்று மனைவி கடிந்துகொண்டாள். அவ்விரு நாளும் நான் செய்தது தவறோ என்று நானும் கலங்கினேன்.

மூன்றாம் நாள் அதிகாலை ரம்பத்தின் ஓசை கேட்டு விழித்தேன். குறுக்குச் சட்டத்தை அறுத்து எடுத்துவிட்டு, புதுச் சட்டத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? குழந்தை படுக்கும் தொட்டில் அல்லவா?" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்: "உளியை நான் பிடிக்கிறேன். கொட்டாப்புளியால் நீ தட்டு. என் கை அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை."

அன்று முதல் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம். மறைவில் ஒரு தச்சர் செய்திருக்கக்கூடிய உதவியைத்தான் நான் வெளிப்படையாகச் செய்தேன். ஆயினும் இரண்டுக்கும் இடையே எத்தனை தொலைவு! கேட்டுப் பெறும் உதவி மனிதனைச் சிறுமைப்படுத்துவதில்லை. அவனறியாமல் அவனுக்குச் செய்யும் உதவி சில சமயம் சிறுமைப்படுத்தி விடுகின்றது.

இவ்வளவு சொன்ன பிறகும் முதலில் எழுப்பிய கேள்வி ஒன்று எஞ்சி நிற்கின்றது. தந்தையாரின் கை இளகியது, செய்தார். இளகாமலே போயிருந்தால்? உளியைத் தொடவே இயலாதவராக இருந்திருந்தால் அவருக்கு மதிப்புக் குறைந்திருக்குமா? உழைப்பைப் புகழ்கின்ற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக்கூடாது.

நம் நகரத்திலேயே இதற்கு இருவகைச் சான்றுகள் உள்ளன. சியால்தாவிலிருந்து பாரக்பூர் செல்லும் ரயில் பாதையை ஒட்டி, திட்டாகரில் அன்னை தெரேசா நிறுவிய காந்திஜி பிரேம் நிவாஸ் உள்ளது. அங்கே தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் தறி நெய்கின்றார்கள். அன்னையின் சபைச் சகோதரிகள் உடுத்தும் நீலக்கரை வெள்ளைச் சேலைகள் அவர்கள் கையால் நெய்யப்படுபவை. வேலூர்ப் பொம்மையின் அறம்தான் அங்கும். ஆனால் அதே அன்னை 1952இல் காளிகாட்டில், காளி கோவிலின் பக்கத்தில், நிர்மல் ஹ்ருதய் என்ற இல்லத்தையும் திறந்தார். தெருவில் சாகக் கிடந்தவர்களுக்கான இடம் அது. அவர்களிடம் யாரும் தறியைக் காட்டவில்லை, நெய்யச் சொல்லவில்லை. குளிப்பாட்டினார்கள், வாயில் நீர் ஊற்றினார்கள், கையைப் பிடித்துக்கொண்டு அருகே அமர்ந்தார்கள். ஒரே உள்ளம் இரண்டு இல்லங்களைக் கட்டியதில் முரண்பாடு இல்லை. முதல் இல்லம் வேலை செய்ய விரும்புகின்றவனுக்கு வேலை தருவது. இரண்டாவது இல்லம் எதுவும் செய்ய இயலாதவனுக்கு அன்பு தருவது. முதலாவதை மட்டும் அறிந்த சமுதாயம் கொடியதாகிவிடும்.

எவ்வளவு கொடியதாகும் என்பதற்குத் தொட்டிலே சான்று. 1992இல் தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பிறந்த பெண் சிசுக்களைக் கொல்லும் வழக்கம் சில பகுதிகளில் இருந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசு தொட்டில்களை வைத்தது. பின்னர் அத்திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அத்தொட்டில்கள் உயிர்களைக் காத்தன. அவற்றை வைக்க நேர்ந்தது நமக்குத் தலைகுனிவு. அந்தக் கொலைகளின் அடியில் இருந்தது ஒரு கணக்கு. இந்தக் குழந்தையால் வரவு என்ன, செலவு என்ன என்ற கணக்கு. 'இனி இந்தக் கையால் என்ன ஆக வேண்டும்?' என்று என் தந்தையார் கேட்டதும் அதே கணக்கின் மறுபக்கம் அன்றோ? பிறர்மேல் போடும்போது கொலையாகும் கணக்கு, தன்மேல் போடும்போது விரக்தியாகின்றது.

தொட்டிலில் கிடக்கும் குழந்தை யாருக்கும் ஒரு துரும்பும் எடுத்துத் தருவதில்லை. அது உறங்கும், அழும், பால் குடிக்கும். அதனிடம் நாம் பயனைக் கேட்பதில்லை. பயனற்ற அந்த உயிருக்காக ஒரு முதியவர் வலியைப் பொறுத்து மூன்று மாதம் உழைக்கின்றார். மனித மதிப்பு உழைப்பினால் வருவது அன்று, உழைப்புக்கு முன்பே இருப்பது என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்? மதிப்பு முன்னமே இருப்பதனால்தான் உழைப்புக்கும் பொருள் பிறக்கின்றது.

ஆகவே நான் வந்து சேர்ந்த முடிவு இது. 'நான் யாருக்குப் பயன்படுகின்றேன்?' என்ற கேள்வியை ஒருவன் தன்னிடம் கேட்டுக்கொள்ளலாம், கேட்கவும் வேண்டும். அது அவனை எழுப்பி நிறுத்தும். 'நீ எதற்குப் பயன்படுகின்றாய்?' என்று பிறரிடம், முதியோரிடமோ நோயுற்றோரிடமோ குழந்தையிடமோ, ஒருகாலும் கேட்கலாகாது. ஆனால் அவர்களே ஒரு வேலையை எடுத்துக்கொண்டால், அதைப் பொய்ப் பாராட்டால் விளையாட்டாக்கிவிடவும் கூடாது. கேட்காமல் அன்பு செய்வதும், செய்ததை மெய்யாக மதிப்பதும் சேர்ந்தே மரியாதை ஆகின்றன.

மார்கழியில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. செய்தி வந்தபோது தந்தையார் தொட்டிலின் கம்பிகளை மறுபடியும் ஒருமுறை தடவி, சிராய் ஏதும் உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கை முழுவதும் சரியாகவில்லை. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி ஏந்த இன்னும் வரவில்லை. கோவிலில் தீர்த்தம் வாங்க இடக்கையின் துணை வேண்டியிருக்கின்றது. ஆனால் தொட்டிலை ஆட்டுவதற்குக் கையை ஏந்த வேண்டியதில்லை. மெல்லத் தள்ளினால் போதும். அதை அவர் இரவு முழுவதும் செய்கின்றார். குறுக்குச் சட்டம் ஆடவில்லை.